கணினி திடீரென நிற்பதேன்? — பொருந்தாச் செலுத்திகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

தமிழாசிரியர் ஒருவர் விழா மலருக்குக் கட்டுரை வரைகின்றார் எனின், சங்க நூல்களினின்றோ சமய இலக்கியங்களினின்றோ ஒரு பொருளைத் தெரிந்தெடுத்தலே வழக்கம். மலர்க் குழுவினரும் எம்மிடம் அதனையே எதிர்பார்த்தனர். ஆயினும் இம்மலர் உருவாகி வந்த நாட்களில் எமக்கு நேர்ந்த ஓர் இடர் வேறொரு பொருளைப் பற்றி எழுதுமாறு எம்மைத் தூண்டிற்று. ஓடிக்கொண்டிருக்கும் கணினி யாதொரு முன்னறிவித்தலுமின்றி நின்று, திரை முழுதும் நீலமாகி, விளங்காத சொற்கள் சிலவற்றைக் காட்டிப் பின் தானே மீள எழும் காட்சியைப் பழைய மாணவருட் பலர் தத்தம் அலுவலகங்களிலே கண்டிருப்பர். அஃது ஏன் நிகழ்கின்றது, நிகழின் யாது செய்தல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது. யாம் கணினி வல்லுநர் அல்லேம். நோயாற் பட்டு மருந்தறிந்தவர் என்ற அளவிலேயே எழுதுகின்றோம்.

இம்மலரின் பிற்பகுதியில் வெளிவரும் பழைய மாணவர் விபரத் திரட்டினை வாசகர் காண்பர். அதனை உயர்தர வகுப்பு மாணவர் சிலர், பாடசாலை முடிந்த பின்னர், நான்கு மாத காலம் பழைய சேர்விடாப்புகளைப் புரட்டிப் புரட்டிக் கணினியிலே தட்டெழுதினர். கறையான் அரித்த ஏடுகள் அவற்றுட் பல. சிலவற்றை மறுமுறை புரட்டவும் இயலாது. அத்துணை உழைப்பும் ஒரே கணினியின் வன்தட்டில் இருந்தது. வேறிடத்திற் பிரதி எடுத்து வைக்கவில்லை. இக்குறை எம்முடையதே.

திரட்டு முடிவுறும் தறுவாயில் அக்கணினி நிற்கத் தொடங்கிற்று. முதலில் நாளுக்கு ஒருமுறை. பின்னர் எழுந்து ஐந்து நிமிடம் ஆகுமுன்னரே நீலத் திரை. மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வே காரணம் என்றார் ஒருவர். வெப்பம் என்றார் மற்றொருவர். மூடியைக் கழற்றித் தூசி தட்டினோம். மின்விசிறி ஒன்றையும் அருகில் வைத்தோம். பயன் இல்லை. திருத்துநர் ஒருவரை அழைத்தோம். அவர் இரு நிமிடம் நோக்கிவிட்டு, வன்தட்டை முற்றாக அழித்து யாவற்றையும் புதிதாக நிறுவவேண்டும் என்று கூறி, அதற்குரிய கட்டணத்தையும் சொன்னார். திரட்டு என்னாகும் என வினவினோம். ‘அது போகும்’ என்றார்.

அப்பொழுது, அருகில் நின்ற மாணவன் ஒருவன், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்பவன், தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அழிக்க வேண்டாம் சேர். கொஞ்சம் பொறுங்கோ. இந்தக் கொம்பியூட்டருக்குப் புதுசா என்ன பூட்டினது எண்டு முதல்ல யோசிப்பம்.” அவ்வொரு வினாவே எம் திரட்டைக் காத்தது. அதன் பொருட்டிறத்தை உணர வேண்டுமாயின், கணினியின் உள்ளே நிகழ்வதனைச் சிறிது அறிதல் வேண்டும்.

கணினி என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களின் கூட்டம். திரைக்குப் படம் வரைந்தனுப்பும் அட்டை ஒன்று, ஒலி எழுப்புவது ஒன்று, இணையத்தோடு இணைப்பது ஒன்று, அச்சுப்பொறி, வருடி என இவை வெவ்வேறு நிறுவனங்களால் வெவ்வேறு நாடுகளிற் செய்யப்படுவன. இவற்றை எல்லாம் மேற்பார்வை செய்வது பணிசெயல் முறைமை. விண்டோஸ், லினக்ஸ் என்பன அத்தகையன. உலகில் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் உள்ளமைப்பையும் பணிசெயல் முறைமை தானே அறிந்திருத்தல் இயலாது. ஆகலின், சாதனத்தைச் செய்தவரே அதனோடு பேசவல்ல சிறு மென்பொருள் ஒன்றையும் எழுதித் தருவர். அதுவே சாதனச் செலுத்தி. தமிழகத்தார் இதனை இயக்கி என்பர். கடைத்தெருவில் டிரைவர் என்றே கேட்டல் வேண்டும். மோட்டார் வண்டிச் சாரதியோடு இதனை ஒப்பிட்டு மயங்கற்க. இதன் தொழில் வண்டி ஓட்டுதலன்று, இருவருக்கிடையே மொழிபெயர்த்தல். கச்சேரியில் முற்காலத்தே துரைக்கும் குடிகளுக்கும் நடுவே நின்ற துவிபாஷியின் தொழிலை ஒத்தது. துவிபாஷி பிழைபடச் சொன்னால் நியாயமான வழக்கும் தோற்றுப்போகும் அன்றோ?

எம் மாணவர்க்கு இதனை யாம் புணரியல் கொண்டு விளக்குவதுண்டு. மரம் என்னும் நிலைமொழியோடு வேர் என்னும் வருமொழி சேர மரவேர் ஆயிற்று. கிளை என்னும் வருமொழி சேர மரக்கிளை ஆயிற்று. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் நோக்கியே புணர்ச்சி அமைகின்றது. பணிசெயல் முறைமை நிலைமொழி, செலுத்தி வருமொழி. ஒரு குறித்த ஈற்றை எண்ணிச் செய்யப்பட்ட செலுத்தியை, ஈறு மாறிய வேறொரு முறைமையோடு சேர்ப்பின் புணர்ச்சி பிழைக்கும். செலுத்தி தன்னளவிற் குற்றமற்றதாய் இருக்கலாம், முறைமையும் குற்றமற்றதாய் இருக்கலாம், சேர்க்கையே குற்றம். பொருந்தாச் செலுத்தி என்பதன் பொருள் இதுவே.

ஒரு சாதாரண மென்பொருள் பிழைத்தால் அது மட்டும் மூடிக்கொள்கின்றது. செலுத்தி பிழைத்தால் கணினி முழுதும் நிற்கின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? வீட்டிற்கு வருவோரை எண்ணிப் பார்க்க. பலர் விறாந்தையோடு நிற்பர். அவருள் ஒருவர் தேநீரைக் கொட்டினால் விறாந்தை மட்டுமே நனையும். கடிதம் எழுதும் மென்பொருள், படம் பார்க்கும் மென்பொருள் என்பன அத்தகையன. அவற்றுக்கென நினைவகத்தில் வேலி அடைத்த ஒரு பகுதி உண்டு. வேலி தாண்டினால் முறைமை அம்மென்பொருளை மட்டும் வெளியேற்றிவிடும். செலுத்திகளிற் பெரும்பாலானவையோ, சாதனங்களை நேரே தொடவேண்டியிருத்தலின், அடுக்களைக்குள் விடப்பட்டவை. கேர்னல் எனப்படும் உட்கருவிலே, முறைமையின் சொந்தப் பகுதிகளோடு ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து அவை இயங்குகின்றன. ஆங்கே ஒருவர் உப்பு என்று எண்ணி வேறொன்றைக் கலந்தால் வீட்டார் அனைவரும் உண்ணும் உணவு கெடும். இந்நிலையில், கெட்ட உணவைப் பரிமாறுவதிலும் அடுப்பை அணைத்தலே நன்று என்று முறைமை தானே நின்றுவிடுகின்றது. நீலத் திரையைக் கண்டு கணினி செத்தது என்று நாம் அஞ்சுகின்றோம். உண்மையில் அது வன்தட்டில் உள்ளவற்றைக் கெடுத்தெழுதாமற் காக்கும் பொருட்டு முறைமை வேண்டுமென்றே எடுக்கும் முடிவு.

செலுத்திகள் ஏனைய பகுதிகளினும் மிகுதியாய்ப் பிழைப்பன என்பது வெறும் அநுபவச் சொல் அன்று. 2001ஆம் ஆண்டில் ஸ்ரான்பேட் பல்கலைக்கழக ஆய்வாளர் லினக்ஸ் உட்கருவை ஆராய்ந்து, செலுத்திகளில் உள்ள பிழைவீதம் ஏனைய பகுதிகளினும் 3 முதல் 7 மடங்கு வரை மிகுதி என்று கண்டனர். சாதனம் செய்வோர் சாதனத்தில் வல்லவர். உட்கருவின் நுணுக்கங்களை அவர் அத்துணை அறியாராதலும், விற்பனைக்கு விரைதலும் காரணமாகலாம் என்பது எம் கருத்து.

இத்தகைய முறிவுகளின் வரலாற்றிலே சுவையானது 1998 ஏப்பிரலில் சிக்காகோவில் நிகழ்ந்தது. விண்டோஸ் 98 வெளிவருமுன் பெருங்கூட்டத்தின் முன்னே அதனைக் காட்டினர். பில் கேற்ஸ் மேடையில் நிற்க, அவர் உதவியாளர் வருடி ஒன்றைப் பூட்டினார். அதனை முறைமை தானே இனங்கண்டு உரிய செலுத்தியை ஏற்றும் என்று காட்டுவதே நோக்கம். பூட்டிய கணத்தில் நீலத் திரை தோன்றிற்று. அவையோர் ஆரவாரித்தனர். இதனாலேயே இன்னும் நாம் இதனை விற்பனைக்கு விடவில்லை போலும் என்று கேற்ஸ் சமாளித்தார். அம்முறைமை அவ்வாண்டு யூன் மாதம் வெளிவந்தது.

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்ட்டா பொதுமக்களுக்கு வெளியானபோது நேர்ந்தது சிரிப்பிற்குரியதன்று. நிலைமொழியின் ஈறு ஒரேயடியாக மாறியமைக்கு அது தக்க உதாரணம். திரைச் செலுத்திகள் எழுதப்படவேண்டிய முறையையே மைக்ரோசொப்ட் நிறுவனம் அதில் மாற்றியமைத்தது. ஒலிக்குரிய அமைப்பும் மாறிற்று. எக்ஸ்பீ என்னும் முந்திய முறைமைக்கென எழுதிய செலுத்திகள் பல அதிற் பொருந்தவில்லை. புதியன உரிய காலத்தில் ஆயத்தமாகவுமில்லை. 2008இல் ஒரு வழக்கின்போது வெளிப்பட்ட மைக்ரோசொப்டின் உள்ளகக் கணக்கொன்றின்படி, 2007இற் பதிவான விஸ்ட்டா முறிவுகளுள் 28.8 விழுக்காடு என்விடியா நிறுவனத்தின் செலுத்திகளோடு தொடர்புற்றவை. மைக்ரோசொப்டின் சொந்தப் பிழைகளோ 17.9 விழுக்காடே. மக்கள் பழித்ததோ முறைமையை மட்டும்!

இவற்றினும் பெரிது 2024 ஜூலை 19ஆந் திகதி நிகழ்ந்தது. கிரவுட்ஸ்றைக் என்பது கணினிகளைத் திருட்டு மென்பொருள்களினின்று காக்கும் நிறுவனம். அதன் காவல் மென்பொருளும் செலுத்தி வடிவிலே உட்கருவினுள் இயங்குவது. அன்று சர்வதேச நேரம் 4.09 மணிக்கு அந்நிறுவனம் தன் காவலனுக்குப் புதிய குறிப்புக் கோப்பு ஒன்றை அனுப்பிற்று. அக்கோப்பு 21 புலங்களை நோக்குமாறு காவலனைப் பணித்தது. கணினியில் இருந்த காவலனோ 20 புலங்களையே கையில் வைத்திருந்தான். இருபத்தோராவதைத் தேடித் தனக்குரியதல்லாத நினைவகத்தில் அவன் கைவைக்கவே கணினி நின்றது; மீள எழுந்தபோதும் அதே கோப்பை வாசித்து மீளவும் நின்றது. 5.27 மணிக்குள் கோப்பை மீளப் பெற்றனர். அவ்வெழுபத்தெட்டு நிமிடத்தில் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் வீழ்ந்தன என மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. இருபத்தொன்றாம் புலத்தை உண்மையாக நோக்கும்படி அதற்கு முன் அனுப்பிய கோப்பு எதுவும் கேட்டதில்லை. ஆகவே குறை மறைந்து கிடந்தது. ஒன்று என்னும் எண்ணின் வேறுபாடு செய்த வேலை இது.

அக்கணினிகளைக் குணப்படுத்திய முறையே எமக்கு வேண்டியது. எவரும் அவற்றின் வன்தட்டை அழிக்கவில்லை. பாதுகாப்பு நிலையிலே கணினியை எழுப்பி, அவ்வொரு கோப்பினை நீக்கி, மீள இயக்கினர், அவ்வளவே. ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் சென்று அமர்ந்து செய்ய வேண்டியிருந்தமையின் நாட்கள் பல கழிந்தன.

நிற்க. எம் கணினியின் கதைக்கு மீள்வோம்.

மாணவன் கேட்ட வினாவிற்கு முதலில் எமக்கு விடை தோன்றவில்லை. ‘ஒன்றும் புதிதாகப் பூட்டவில்லை’ என்றே சாதித்தோம். வைத்தியரிடம், ‘நான் ஒன்றும் உண்ணவில்லை’ என்று சாதிக்கும் நோயாளியை ஒத்தோம். பின்னர் அலுவலக உதவியாளர் நினைவூட்டினார்: இரு வாரத்திற்கு முன் கம்பியில்லா இணைப்பிற்காக, பெருவிரலளவான வைபைத் துண்டு ஒன்றை மலிவாக வாங்கிக் கணினியின் பின்புறம் செருகியிருந்தோம். கண்ணிற்குத் தெரியாத இடத்தில் இருந்தமையின் அதனை மறந்தே போனோம். அதனோடு வந்த இறுவட்டில் இருந்த செலுத்தியையும் அன்றே நிறுவியிருந்தோம். இறுவட்டின் மேலே விண்டோஸ் 7 என்று அச்சிட்டிருந்தது. எம் கணினியில் இருந்ததோ விண்டோஸ் 10. ‘ஏற்றுக்கொண்டதே, இனி என்ன?’ என்று அன்று எண்ணினோம். ஏற்றுக்கொள்ளுதல் வேறு, பொருந்துதல் வேறு.

முதலாவதாக மாணவன் செய்தது, அடுத்த நீலத் திரை தோன்றியபோது கைத்தொலைபேசியால் அதனைப் படம்பிடித்தது. வாசகர் இதனை வழக்கமாகக் கொள்வாராக. திரையின் கீழ்ப்பகுதியில் ஆங்கிலப் பெருவெழுத்தில் அமைந்த நிறுத்தற் குறிப்பு ஒன்று உண்டு. சிலபொழுது தவறிய கோப்பின் பெயரும் உண்டு. 2025 முதல் விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இத்திரை நீலம் நீங்கிக் கருமை பெற்றது. ஆயினும் குறிப்பு ஆங்கும் உண்டு. எமக்குத் தோன்றிய குறிப்பு, ‘டிரைவர்’ என்னும் சொல்லோடு தொடங்கி, செலுத்தி ஒன்று தான் தொடக்கூடாத வேளையில் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது என்னும் பொருள் தருவது. வலையமைப்புச் செலுத்திகளால் அடிக்கடி வருவது அது. வேறு குறிப்புகளும் உள. 116 என்னும் எண்ணுடையது, திரைச் செலுத்தி உரிய நேரத்தில் விடையளியாமல், மீள எழுப்ப முயன்றும் எழாதபோது வருவது. 133 என்னும் எண்ணுடையது, ஏதோ ஒரு செலுத்தி தன் முறைக்குரிய நேரத்தைக் கடந்து பிறருக்கு வழிவிடாதபோது வருவது. 50 என்பது செலுத்தியாலும் வரும், பழுதான நினைவகத் துண்டாலும் வரும். ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்பு வரின் செலுத்தியை ஐயுறுக. முறைக்கொரு குறிப்பாக மாறி மாறி வரின் நினைவகத் துண்டையும் மின்வழங்கியையும் ஐயுறுக. இது முற்ற முடிந்த விதியன்று; ஆயினும் பெரும்பாலும் ஒத்துவரும்.

அடுத்து, வைபைத் துண்டைப் பிடுங்கிவிட்டுக் கணினியை இயக்கினால் போதுமே என்று யாம் அவசரப்பட்டோம். மாணவன் உடன்படவில்லை. பிடுங்குமுன், பாதுகாப்பு நிலையில் எழுப்பிப் பார்ப்போம் என்றான். சேவ் மோட் எனப்படும் அந்நிலையிலே முறைமை இன்றியமையாத செலுத்திகளை மட்டுமே ஏற்றும்; வெளியார் தந்தவற்றிற் பெரும்பாலானவை வாயிலிலேயே நிறுத்தப்படும். விண்டோஸ் 7 வரை கணினி எழும்போது எவ் 8 விசையை அழுத்தி இந்நிலையை அடையலாம். விண்டோஸ் 8 முதல் அவ்விசை வழக்கமாக இயங்காது. சிவ்ற் விசையை அழுத்தியபடி மீள்தொடக்கம் என்பதைத் தெரிந்து, பழுது நீக்கல், உயர்நிலைத் தெரிவுகள், தொடக்க அமைப்புகள் என்ற வழியே சென்று, பட்டியலில் 4 என்னும் எண்ணை அழுத்துதல் வேண்டும். முறைமை எழவே மறுப்பின், எழுகின்ற வேளையில் மும்முறை மின்பொத்தானை அழுத்தி நிறுத்தினால் மீட்புத் திரை தானே தோன்றும். வன்தட்டு மறையீடு செய்யப்பட்டிருப்பின் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றை அது வினவக்கூடும். அச்சாவியை முன்னரே தாளில் எழுதிக் கணினிக்கு வெளியே வைத்திருத்தல் நலம்.

பாதுகாப்பு நிலையில் எம் கணினி ஐந்து நிமிடம் கடந்தது, அரைமணி கடந்தது, நிற்கவில்லை. இதனால் இரண்டு பயன் விளைந்தன. மின்னோட்டம், வெப்பம், நினைவகம் என்று யாம் பழித்தவை பெரும்பாலும் குற்றமற்றவை என்பது தெளிவாயிற்று. அவை பழுதாயின் இந்நிலையிலும் கணினி நின்றிருக்கும். மற்றது, திரட்டு முழுவதையும் பென் டிரைவ் ஒன்றிற் படியெடுத்துக்கொண்டோம். அவ்வேளையில் எம் நெஞ்சிலிருந்து இறங்கிய சுமையை ஈண்டு விரித்தல் வேண்டா. படியெடுத்த பின்னரே ஏனைய பரிசோதனைகள், இவ்வொழுங்கை மாற்றற்க. குணப்படுத்தும் முயற்சியாலும் சிலபொழுது தீங்கு விளைதல் கூடும்.

பின்னர் ஆதாரம் தேடினோம். கணினி நிற்குந்தோறும், அக்கணத்தில் நினைவகத்தில் இருந்தவற்றின் சிறு பகுதியை மினிடம்ப் என்னும் உறையினுள்ளே விண்டோஸ் எழுதி வைக்கின்றது. பிரேதப் பரிசோதனை அறிக்கையை ஒத்தது அது. மைக்ரோசொப்டின் விண்டிபக், நிர்சொப்டின் புளூஸ்கிறீன்வியூ என்னும் இலவச மென்பொருள்கள் அவ்வறிக்கையை வாசித்து, ஐயத்திற்குரிய கோப்பின் பெயரைக் கூறும். எம் கணினியின் மூன்று அறிக்கைகளிலும் ஒரே அந்நியக் கோப்பின் பெயர் வந்தது; அது வைபைச் செலுத்தி. இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. அறிக்கையில் விண்டோஸின் உட்கருக் கோப்பே அடிக்கடி குற்றவாளியாகக் காட்டப்படும். அதனைக் கண்டு முறைமையையே மாற்ற முற்படுவோர் பலர். பிரேதம் கிடந்த வீட்டின் சொந்தக்காரன் கொலைகாரன் ஆகவேண்டும் என்பதில்லை. பிறர் பெயர் ஏதும் அருகில் உண்டோ என நோக்குதல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்கு நேரமில்லாதோர், விஸ்ட்டா முதலாக விண்டோஸில் அடங்கியுள்ள நம்பகத்தன்மை வரலாற்றைத் திறந்து பார்க்கலாம். எந்நாளில் எதனை நிறுவினோம், எந்நாளில் கணினி நின்றது என்பதை அது நாள்வாரியாகக் கோட்டில் வரைந்து காட்டும். எம் கோடு, வைபைத் துண்டு வாங்கிய நாளினின்றே சரியத் தொடங்கியிருந்தது.

குற்றவாளி அறியப்பட்டபின் செய்யவேண்டியன சிலவே. புதிய செலுத்தியால் வந்த தீங்காயின், சாதன முகாமையாளரைத் திறந்து, உரிய சாதனத்தின் பண்புகளிலே பழைய செலுத்திக்கு மீள்க என்னும் பொத்தானை அழுத்தலாம். விண்டோஸ் எக்ஸ்பீ காலந்தொட்டு இவ்வசதி உண்டு. எமக்கோ மீள்வதற்குப் பழையது ஒன்றில்லை. பொத்தான் மங்கிக் கிடந்தது. ஆகவே சாதனத்தை நீக்கினோம். நீக்கும்போது, செலுத்தி மென்பொருளையும் அழிக்க என்னும் சிறு கட்டத்திற் குறியிடல் வேண்டும். குறியிடாவிடின் விண்டோஸ் தன் களஞ்சியத்தில் அப்பழைய செலுத்தியை வைத்திருந்து, துண்டை மீளச் செருகியவுடன் அதனையே மீளவும் நிறுவும். முதன்முறை யாம் குறியிட மறந்தோம். மறுநாட் காலை மீண்டும் நீலத் திரை. ஆசிரியரும் ஒரு பாடத்தை இருமுறை கற்கவேண்டியே வருகின்றது.

தக்க செலுத்தியைத் தெரிதலில் ஒரு நுட்பம் உண்டு. உறையின்மேல் அச்சிட்ட பெயரை நம்பற்க. ஒரே பெயரும் ஒரே தோற்றமும் உடைய வைபைத் துண்டுகளின் உள்ளே, பதிப்பிற்குப் பதிப்பு வெவ்வேறு சில்லுகள் இருத்தலுண்டு. சாதனத்தின் பண்புகளிலே விபரங்கள் என்னும் பக்கத்தில் வன்பொருள் அடையாள எண் இருக்கும். செய்தவர் இன்னார், பொருள் இன்னது என்பதை அவ்வெண்ணே ஐயமின்றிக் கூறும். ஊரில் ஒரே பெயருடையார் பலராயினும் அடையாள அட்டை எண் வேறன்றோ? அவ்வெண்ணுக்குரிய செலுத்தியைச் சாதனம் செய்தவரின் தளத்திலிருந்தோ விண்டோஸின் இற்றைப்படுத்தல் வழியாகவோ பெறுக. மடிகணினியாயின் மடிகணினி செய்தவரின் தளத்தையே முதலில் நாடுக. முறைமை 64 பிற்று உடையதாயின் 32 பிற்றுச் செலுத்தி அதில் இயங்காது. எல்லாச் செலுத்திகளையும் ஒரே அழுத்தலிற் புதுப்பிப்போம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் இணையத்தில் மலிந்துள்ளன. அவற்றை எம் பாடசாலைக் கணினிகளில் யாம் அநுமதிப்பதில்லை. நன்றாக இயங்கும் செலுத்தியைப் புதிது என்ற ஒன்றிற்காகவே மாற்றுதலும் வேண்டாத வேலை. இது எம் தனிக் கருத்து, இளைஞர் சிலர் மறுப்பர்.

ஒரே தொழிலுக்கு இரு காவலரை வைத்தலும் இத்தகைய முறிவுக்கு ஏது. இரு வைரசு எதிர்ப்பு மென்பொருள்களை ஒருங்கே நிறுவுவோர் உளர். இரண்டும் உட்கருவினுள் நுழைந்து, ஒரே கோப்பைத் திறக்குமுன் ஒன்றையொன்று மறிக்கும்.

எம்முறையாலும் கோப்பின் பெயர் வெளிப்படாதபோது இறுதியாக நாடத்தக்கது டிரைவர் வெரிபையர் என்பது. விண்டோஸ் 2000 முதல் உடன்வருவது. தெரிந்தெடுத்த செலுத்திகளை அது கடுமையாக நெருக்கி, சிறுபிழை செய்தாலும் உடனே கணினியை நிறுத்திப் பிழைத்தவன் பெயரை எழுதி வைக்கும். பிரதி எடுக்காமலும், மீட்புப் புள்ளி அமைக்காமலும் இதனைத் தொடற்க. சிலபொழுது கணினி எழும்போதே நிற்கும். அப்பொழுது பாதுகாப்பு நிலையிற் புகுந்து இதனை நிறுத்தத் தெரிந்திருத்தல் வேண்டும். மைக்ரோசொப்டின் சொந்தச் செலுத்திகளை விட்டுப் பிறர் தந்தவற்றையே தெரிதல் முறை. எமக்கு இது தேவைப்படவில்லை.

புதிய செலுத்தியை நிறுவிய நாளில் யாவரும் கணினியைச் சூழ்ந்து நின்றோம். வைபைத் துண்டைச் செருகியதும் இணைப்பு வந்தது. ஐந்து நிமிடம் கடந்தபின் அலுவலக உதவியாளர் தேநீர் வைக்கப் போனார். அன்று மாலை வரை அது நிற்கவில்லை, அதன்பின்னரும் நிற்கவில்லை. திருத்துநர் கேட்ட கட்டணத்தில் ஒரு பகுதிக்கு இரு பென் டிரைவ்கள் வாங்கினோம். திரட்டின் ஒரு பிரதி அலுவலகப் பெட்டகத்திலும் மற்றது எம் வீட்டிலும் உள்ளன. கணினியின் அருகே நாற்பது தாள் அப்பியாசக் கொப்பி ஒன்றை மாணவன் கட்டித் தொங்கவிட்டுள்ளான். எதனை எந்நாளில் பூட்டினோம், எதனை நிறுவினோம் என்பதை அவ்வப்பொழுது எழுதுவோர் அதிற் கையொப்பமிடுதல் வேண்டும். முதற் பக்கத்தின் முதல் வரியில் வைபைத் துண்டின் பெயரும் திகதியும் உள்ளன. அதற்கெதிரே எம் கையொப்பம் உள்ளது.